சம்பந்தி கலந்த காபி

மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையின் அப்பா ரத்தினசபாபதி விடிந்ததிலிருந்து காபியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை கசப்பு, அடுத்த தடவை தித்திப்பு, அதற்கடுத்து ஆறிப்போச்சு. ஒவ்வொரு தடவையும் பெண்ணின் அப்பா வைத்தியலிங்கம் ஓடிவந்து கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். காபி கொடுக்கும் பொன்மணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சூடா இருக்கணும், நாக்குச் சுடக்கூடாது. கசக்கணும், கசப்புத் தெரியக்கூடாது. இதுகூடவா வராது?" என்று கூட்டத்தின் நடுவில் கத்தினார் ரத்தினசபாபதி.

பொன்மணி டிகாக்‌ஷன், பால், சர்க்கரை மூன்றையும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஐயா, உங்க ருசி உங்களுக்குத்தானே தெரியும். ஒண்ணு கலந்து காட்டுங்க. சாயங்காலம்வரை அப்படியே போட்டுத் தர்றேன்."

அடுப்படிப் பக்கமே போகாதவர் அவர். எல்லோரும் பார்க்கிறார்களே என்று பாதி டம்ளர் டிகாக்‌ஷனை ஊற்றினார், சர்க்கரையை மறந்துவிட்டார். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வைத்தியலிங்கம் சிரிக்கவில்லை. "நீங்க கலந்ததாச்சே, எனக்குக் கொடுங்க சம்பந்தி" என்று டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். "நல்லாருக்கு" என்றார்.

ரத்தினசபாபதி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லக் கூப்பிட்டார்.

"அம்மா, ரெண்டு காபி கொண்டு வா. இவர் வாய்க்கசப்புப் போகட்டும்."

"உங்களுக்கு எப்படி வேணும் ஐயா?"

"சம்பந்தி எப்படிக் குடிப்பாரோ, அப்படி."