நஞ்சுண்ட வைத்தியரின் ஆறு குவளைகள்

செங்காட்டு அரசர் வீரகோமான் கத்திக்கு அஞ்சாதவர். ஆனால் "இது உடம்புக்கு நல்லது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த இடத்திலேயே சரணடைந்துவிடுவார்.

இந்தச் சேதி நஞ்சுண்ட வைத்தியர் காதுக்கு எப்படியோ எட்டியது. ஒரு நாள் அரண்மனைக்கே வந்துவிட்டார்.

"இஞ்சிச் சாறு பசியைத் தூண்டும், அரசே! நெல்லிச் சாறு கண்ணுக்கு ஒளி. வெந்தயத் தண்ணீர் சூட்டைத் தணிக்கும். பாகற்காய்ச் சாறு ரத்தத்துக்கு நல்லது. பூசணிச் சாறு வயிற்றைக் குளிர்விக்கும். அப்புறம் அருகம்புல்..."

"புல்லுமா?"

"அதுதான் தலையானது! எல்லாவற்றையும் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் வெற்றிலை போடலாம். வேறு எதுவும் கூடாது."

அரசர் அன்றே பறை அறையச் சொல்லிவிட்டார். அரண்மனையில் எல்லோருக்கும் இனி இதுதான் ஆகாரம்!

மடப்பள்ளித் தலைவர் திருமேனிக்குத் தலை சுற்றியது. பொங்கலும் வடையுமாக மணந்த அடுப்பில் பூனை படுத்துத் தூங்கியது. அரண்மனையின் கதியோ அதைவிட மோசம். இஞ்சிச் சாறு சொன்னபடியே பசியைத் தூண்டியது. தூண்டிய பசிக்குப் போடத்தான் ஒன்றும் இல்லை. மந்திரி தலைப்பாகைக்குள் முறுக்கை ஒளித்து வைத்தார். குனிந்து வணங்கியபோது அது அரசர் காலடியில் போய் விழுந்தது. தளபதியின் வயிறு உறுமிய உறுமலில், எதிரியின் முரசு என்று நினைத்துக் காவலர்கள் கோட்டைக் கதவையே சாத்திவிட்டார்கள்.

"இனி மடப்பள்ளி எதற்கு, அரசே?" என்றார் வைத்தியர். "நாக்கு ருசிதான் நோய்க்கு வாசல். பூட்டிவிடலாம்."

அரசர் திருமேனியைப் பார்த்தார். "நீர் நாளை முதல் யானைக் கொட்டிலுக்குப் போம். கவளம் உருட்டும்."

திருமேனிக்கு அழுகை முட்டியது. உப்புப் போடாத கவளம்! கடுகு தாளிக்க வழியில்லாத வேலை!

அரசரின் பக்கத்தில் வெற்றிலைப் பெட்டியோடு நின்ற நல்லமங்கை திருமேனியைப் பார்த்தாள். அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவள் வேலை. பேச்சு குறைவு. ஆனால் அவள் வாயைத் திறந்தால் சபை நிமிர்ந்து உட்காரும்.

"அரசே, மடப்பள்ளி இருக்கட்டுமே."

"பறை அறைந்தாயிற்று, மங்கை! சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன்." அரசர் வயிற்றைத் தடவிக்கொண்டார். அவருக்கும் பசிதான். "ஒன்று செய். வைத்தியர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எனக்குச் சோறு போடு, பார்ப்போம். போட்டுவிட்டால் மடப்பள்ளி பிழைக்கும்."

வைத்தியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வெளியே வந்ததும் திருமேனி அவள் பின்னால் ஓடினார். "இது ஆகிற காரியமா, அம்மா?"

"விடிந்ததும் பொங்கல் வையுங்கள், அண்ணா. வடை சுடுங்கள். தேங்காய்ச் சட்னி வெள்ளை வெளேரென்று இருக்கட்டும். பச்சை மிளகாயைக் கிள்ளியே போடுங்கள், அரைத்துவிடாதீர்கள்."

"சட்னியின் நிறத்தில் என்ன இருக்கிறது?"

"அதில்தான் எல்லாம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை சபை கூடியது. திருமேனி பாத்திரங்களை மூடி எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார்.

அரசர் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சிச் சாற்றை விழுங்கினார். வைத்தியர் நெல்லிச் சாற்றை நீட்டினார்.

"நிறுத்துங்கள்!" என்றாள் நல்லமங்கை. "வெறும் வயிற்றில்தானே குடிக்கச் சொன்னீர்கள், ஐயா?"

"ஆமாம்."

"அரசரின் வயிறு இப்போது வெறும் வயிறு இல்லையே. உள்ளே இஞ்சி இருக்கிறது."

"சே! ஒரு வாய்ச் சாறெல்லாம் கணக்கா? உள்ளே போனதும் தெரியாது, இருப்பதும் தெரியாது."

"அப்படியானால் அதனால் என்ன பயன், ஐயா? இல்லாத இஞ்சியா அரசருக்குப் பசியைத் தூண்டுகிறது?"

வைத்தியர் கையிலிருந்த நெல்லிச் சாற்றைப் பார்த்தார். இருக்கிறது என்றால் அடுத்த குவளை போச்சு. இல்லை என்றால் பிழைப்பே போச்சு.

"இருக்கிறது" என்றார் கடைசியில், மெதுவாக.

"அப்படியானால் ஒரு காலைக்கு ஒரு சாறுதான். இன்றைக்குக் குடித்து முடிந்தது. அடுத்து வெற்றிலைதானே, அரசே?"

"போடு, போடு" என்றார் அரசர்.

நல்லமங்கை வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை. நீளமான தலைவாழை இலை ஒன்றை அரசர் முன்னால் விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"என்ன இது?"

"வெற்று இலை, அரசே. போட்டாயிற்று."

சபையில் எங்கோ ஒருவர் களுக்கென்றார்.

"இது அக்கிரமம்!" என்று குதித்தார் வைத்தியர். "சரி, இலை இருக்கட்டும். அதில் வேறு எதுவும் விழக்கூடாது!"

"என்ன ஐயா இது? வெற்றிலை போடுவதென்றால் வெறும் இலையை மட்டுமா போடுவார்கள்? பாக்கும் சுண்ணாம்பும் வேண்டாமா?" அவள் தூணின் பக்கம் திரும்பினாள். "அண்ணா, பாக்கு!"

திருமேனிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிவந்து உளுந்து வடையை வைத்தார்.

"சுண்ணாம்பு!"

வெள்ளை வெளேரென்று சட்னி விழுந்தது.

"இந்தப் பொங்கல் எதற்கு?" என்று வைத்தியர் கத்தினார்.

"வாசனைக்கு" என்றார் திருமேனி. அவருக்கும் இப்போது தைரியம் வந்துவிட்டது. "இதிலும் இஞ்சி இருக்கிறது, ஐயா. சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் உடம்புக்கு நல்லதுதான். துணைக்கு நெய்யும் இருக்கிறது."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. "மடப்பள்ளி பிழைத்தது! மங்கை, இந்தா என் முத்துமாலை. எல்லோருக்கும் இலை போடுங்கள்!"

சபை முழுவதும் வரிசையாக உட்கார்ந்தது. நெய் மணம் எழுந்தது. திருமேனி கரண்டியோடு வரிசையின் கடைசிக்கு வந்தார். அங்கே நஞ்சுண்ட வைத்தியர் சம்மணம் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு என்ன வேண்டும், ஐயா?"

வைத்தியர் நிமிராமலே முணுமுணுத்தார். "எனக்கும் ஒரு வெற்றிலை. சுண்ணாம்பு கொஞ்சம் தாராளமாக."