பார்த்தால் நிற்கிற மூச்சு

அந்தக் காலத்தில் மூச்சு தானாக ஓடாது. நாயும் காற்றும் மனிதர்களோடு பேசிய காலம் அது. ஒவ்வொரு மூச்சையும் நினைத்து இழுக்க வேண்டும், நினைத்து விட வேண்டும். மறந்தால் செத்தாய், அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படித் தூங்கினார்கள்? ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் தட்டுவார். ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு ஒரு மூச்சு எடுக்கும். எழுந்ததும் முறை மாற்றிக்கொள்வார்கள்.

பூவாயிக்கு முறை மாற்ற ஆள் இல்லை. தேனெடுக்க மலைக்குப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. மடியில் பச்சைக் குழந்தை. அதற்கு மூச்சை நினைக்கவே தெரியாது. தன் மூச்சையும் இழுத்து, பிள்ளையின் நெஞ்சையும் தட்டித் தட்டி அவளுக்குக் கண் செருகியது. தூங்கினால் இரண்டு உயிரும் போகும்.

நாய் வந்தது. "நான் தட்டுறேன்க்கா, நீ தூங்கு."

"அணிலைப் பார்த்தா உன் மூச்சையே மறக்கிறவன் நீ. போடா."

நாய் காதைத் தொங்கப்போட்டு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. உண்மைதானே.

வேறு வழியில்லாமல் காற்றைக் கூப்பிட்டு, மூச்சை நீயே ஓட்டேன் என்று கேட்டாள். ஓட்டுகிறேன், ஆனால் அப்புறம் அது என்னுடையது என்றது காற்று. பூவாயி விடவில்லை. நாளைக்கு இந்தப் பிள்ளை குளத்தில் முங்க வேண்டாமா, பாட வேண்டாமா, மூச்சை அடக்க முடியாமல் எப்படி என்று சண்டைக்கு நின்றாள். காற்றுக்கே அது நியாயமாகப் பட்டது.

"சரி. ஆனா ஒரு கயித்தை ரெண்டு பேர் இழுக்க முடியாது. நீ பிடிச்சா நான் விட்டுடுவேன். நீ விட்டா நான் பிடிச்சுக்குவேன்."

பூவாயி தட்டுவதை நிறுத்தினாள். குழந்தையின் நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம் பூத்தது.

"ஏன் பிடிக்க மாட்டேங்கிற?" என்று காற்றைக் கேட்டாள்.

"கையைத்தானே எடுத்தே? மனசு இன்னும் அதைப் பிடிச்சிருக்கே."

சாகப்போகும் பிள்ளையை விட்டு எந்தத் தாய் மனதை எடுப்பாள்? அவள் எடுத்தாள். திரும்பி உட்கார்ந்து, நாயின் காதைப் பிடித்திழுத்து அதில் உண்ணி தேட ஆரம்பித்தாள்.

முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

அன்றிலிருந்துதான் நாம் மறந்திருக்கும்போது மூச்சு அதுபாட்டுக்கு ஓடுகிறது. யோகாவுக்கு உட்கார்ந்து அதைக் கவனித்த உடனே தடுமாறி நிற்கிறது. காற்று தன் பிடியை விட்டுவிட்டது. இனி இழுக்க வேண்டியது நாம்தான்.