இளவரசருக்கு ஓகாரத்தில் ஒரு பெயர்

குழந்தைக்குப் பெயர் வைப்பவர்கள் பெற்றோர் என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இந்தப் பெரும்பிழையை இனியும் வளரவிடுவது தருமமாகாது. குழந்தைக்குப் பெயர் வைப்பவன், பெற்றோருக்குப் பக்கத்தில் நிற்கும் பொறாமைக்காரன். சான்று வேண்டுவோர் மேலே படிக்கலாம்.

கடல் இப்போதைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்த காலத்தில், நெய்தலங்கரைப் பட்டினத்தைப் பரவைமாறன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். அவனுக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு மாதமாகியும் பெயர் வைத்தபாடில்லை. காரணம், துறைமுகத்தில் அவன் காதில் விழுந்த ஒரு குரல். வெனிசிலிருந்து வந்து தங்கிவிட்ட மிளகு வணிகரின் மனைவி கரையில் நின்று, "மார்கோ… ஓ… ஓ!" என்று கூப்பிட, அலைக்கு அப்பால் படகில் இருந்த அவள் ஐந்து வயது மகன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அரசன் சொக்கிப் போனான்.

"நம் முன்னோர் எட்டுப் பேரின் பெயரும் வாயை மூடி முடிகிறது. என் மகன் பெயர் ஓகாரத்தில் முடிய வேண்டும். கடல் தாண்ட வேண்டும்! தேடுங்கள்!"

அவைக் கணியர் கோளரிநாதர் முந்திக்கொண்டார். அவருக்குப் பத்து வருடமாக அமைச்சர் நாற்காலி மேல் கண். "அரசே, இளவரசர் பெயர் நாட்டில் வேறு யாருக்கும் இருக்கலாகாது. இருந்தால் பறித்துவிட வேண்டும்."

"பேஷ்! அதுவே ஆணை" என்றான் அரசன்.

மறுநாளே வணிகரின் மனைவி அமைச்சர் குன்றத்தரையரின் வாசலுக்கு வந்துவிட்டாள். "ஐயா, கடலில் போன என் அண்ணன் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யாரைக் கூப்பிடுவேன்?"

"அழாதேம்மா. உன் பிள்ளை பெயர் உன் பிள்ளைக்கே" என்றார் அமைச்சர். வாக்குக் கொடுப்பதில் அவர் எப்போதுமே கொஞ்சம் அவசரக்காரர்.

பெயர் சொல்ல அரசன் குறித்த நாளில் கோளரிநாதர் ஓலைக்கட்டோடு அவைக்கு வந்தார். "ஸ்பெயின் தேசத்து தியேகோ. ஜெர்மானிய ஒட்டோ. ஜாவாவின் ஜோகோ. ஜப்பானின் ஹருஓ. ஆப்பிரிக்கக் கரையில் கோஜோ. அங்கே திங்கட்கிழமை பிறந்தவனுக்கு வைக்கிற பெயராம். கடைசியாக, அரசர் மனங்கவர்ந்த மார்கோ!" பிறகு அமைச்சரைப் பார்த்து, "தாங்கள் வெறுங்கையோடு வந்திருக்கிறீர்களே! கை வலியோ?" என்றார்.

"கை நலம்தான் கணியரே. அரசே, கூப்பிட்டால் திரும்புவதுதானே பெயர்? இளவரசரையே கேட்டுவிடலாம்."

தொட்டில் வந்தது. அவைக் கூட்டத்தைக் கண்டதும் இளவரசர் வீறிட்டார். கோளரிநாதர் குனிந்து, "தியேகோ! ஒட்டோ! மார்கோ!" என்று ஒவ்வொன்றாகக் கூவினார். ஒவ்வொரு பெயருக்கும் அழுகை ஒரு படி ஏறியது. அமைச்சர் செவிலி பேச்சியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டினாள்.

"ஆராரோ… ஆரிரரோ…"

குழந்தை அழுகையை நிறுத்தி அவள் பக்கம் முகம் திருப்பியது. சிரித்தது. பிறகு தூங்கிப் போனது.

"ஓகாரம்!" என்று அரசன் துள்ளி எழுந்தான்.

"பிறந்த அன்றே இளவரசருக்கு இட்ட பெயர் அரசே. நாம்தான் கப்பல் கப்பலாகத் தேடினோம்" என்றார் அமைச்சர்.

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "கணியரே, துறைமுகம் முழுக்க நடந்துபோய், ஒவ்வொரு பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டு அவனவன் பெயர் அவனவனுக்கே என்று சொல்லிவிட்டு வாரும்!"

அவை கைகொட்டியது. கோளரிநாதர் வாசல்வரை போய்த் திரும்பினார். "உத்தரவு அரசே. ஒரே ஒரு சந்தேகம். இளவரசர் பெயர் நாட்டில் வேறு யாருக்கும் இருக்கலாகாது என்று ஆணை. இந்த ஊரில் தொட்டிலுக்குத் தொட்டில் இந்தப் பெயரைத்தானே சொல்கிறார்கள்?"

அரசன் முகம் இறுகியது. "ஆமாம். இனி ஒருத்தியும் சொல்லக் கூடாது."

மாலை திடீரென்று அமைச்சரின் கழுத்தில் கனத்தது. "அரசே, அது… அது பெயரல்ல, தாலாட்டு."

"அப்படியானால் அவை நடுவே பொய் சொன்னீரா? பெயரல்ல என்றால் சொல்லும், மார்கோ என்றே வைத்துவிடுகிறேன்."

குன்றத்தரையர் வாயைத் திறந்தார். வாசலில் வந்து நின்ற வணிகர் மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். தொட்டில் வந்தபோதே சும்மா இருந்திருக்கலாம். 'பெயர்' என்ற ஒரு சொல்லையாவது விழுங்கியிருக்கலாம். மெச்சிக்கொள்ளும்போது எந்தச் சொல்லும் தொண்டையில் நிற்பதில்லை.

புது ஆணையை அறிவிக்கும் பறை முழங்கி முடிவதற்குள் அவர் வீடு வந்து சேர்ந்தார். தெருவில் நாலைந்து வீடுகளில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. உள்ளே அவர் மகள் தூளியை ஆட்டிக்கொண்டு, எட்டாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேரன் பதினான்காம் வாய்ப்பாட்டில் தூங்கினான்.