பேர் எழுதாத பிரியாணி

சுத்தி வளைக்காமல் சொல்கிறேன். கல்யாண விருந்து ஆர்டருக்கு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனி அது. தலைமை புரோகிராமர் சிங்காரவேலு, சாப்பாட்டு வகைகளைப் பேரே இல்லாமல் வெறும் வரிசையாகப் போட்டிருந்தார். முதல் இடம் சாம்பார், இரண்டாவது ரசம் என்பது அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. புதிதாய்ச் சேர்ந்த மங்கையர்க்கரசி பாயசத்தை முதலிடத்தில் சேர்த்தாள். எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், சாம்பார் கேட்ட மண்டபத்துக்குப் பாயசம் போய்விட்டது.

"வரிசையை மனப்பாடம் பண்ணத் தெரியாதா? சாயங்காலத்தோட வேலையை விட்டுக் கிளம்பு!" என்று ஆபீஸே அதிரக் கத்தினார் சிங்காரவேலு.

"சரிங்க சார். மத்தியானச் சாப்பாடு மட்டும் நான் வாங்கிட்டு வந்துடறேன்."

பொட்டலங்களில் பேர் எழுதாமல், எல்லாரும் உட்காரும் வரிசைப்படி அடுக்கினாள். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, சிங்காரவேலு வழக்கமாக உட்காரும் முதல் நாற்காலியில் உட்காரவைத்தாள். சிங்காரவேலுவின் மட்டன் பிரியாணி முதலாளிக்குப் போனது. ஓரிடம் தள்ளி உட்கார்ந்த சிங்காரவேலுவுக்கு வந்தது, பக்கத்தில் இருந்த வயிற்றுவலிக்காரர் சொன்ன கஞ்சி.

"என்னம்மா இது? பொட்டலத்து மேல பேர் எழுதக் கூடாதா?" என்றார் சிங்காரவேலு.

"எதுக்கு சார்? வரிசைதான் மனப்பாடமாச்சே!"

காலையில் கத்தலைக் கேட்டிருந்த முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "வேலு, அந்தப் பொண்ணு இருக்கட்டும். நீ போய்ப் பேர் எழுதுய்யா!"

அன்றைக்கே பேரைச் சொன்னால் சாப்பாடு வரும்படி சாஃப்ட்வேரில் எல்லாம் 'மேப்' என்னும் பேர்ப்பட்டியலாக மாறியது. மாற்றி எழுதியவர் சிங்காரவேலு, கஞ்சி குடித்த தெம்பில்.