நூறு ரூபாய்த் தேர்வு

எவரும் நிரலைப் படித்துப் பார்க்கக்கூடிய திறந்தமூல மென்பொருளைப் பற்றி ஒரு தொடக்கநிலைத் தேர்வை உருவாக்க மாசிலாமணி ஆறு மாதம் உழைத்தார். மற்ற சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். இதற்கு நூறே ரூபாய். அறுபத்துநான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆசிரியை பூங்கோதை ஒப்புதல் தந்தால் மறுநாளே தேர்வு.

ஆசிரியைக்கு வயது முப்பத்தொன்று. தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் அவரிடம் கணினி கற்க வந்த மாணவர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு.

"முதலில் நான் எழுதிப் பார்க்கிறேன்" என்றார் பூங்கோதை.

"நீங்களா? வினாத்தாளே வெட்கப்படும், டீச்சர்."

"படட்டும். பிட் அடிக்க மாட்டேன்."

அவர் கணினியின் முன் அமர்ந்தார். திரையில் கேள்வி வரவில்லை. பார்த்தெழுதுவதைத் தடுக்க ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவச் சொல்லி அறிவிப்பு ஒன்று வந்தது. அதன்கீழே 'சம்மதம்' என்ற பொத்தான்.

"இது என் கணினிக்குள் என்னென்ன செய்யும்?"

"கேமரா வழியாகப் பார்க்கும். மற்றது தெரியாது. நிரலை யாருக்கும் காட்ட மாட்டார்களாம்."

"பிறகு ஏன் இதைப் பிடித்தீர்கள்?"

"இலவசமாகத் தந்தார்கள், டீச்சர். மேற்பார்வைக்கு ஆள் வைத்தால் கட்டணம் ஐந்நூறைத் தொடும். கட்ட முடியாதவர்களுக்காகத்தானே இந்தப் பாடெல்லாம்?"

மாசிலாமணியின் குரல் சற்றே உயர்ந்துவிட்டது. கட்டணத்தை நூறு ரூபாயில் நிறுத்த அவர் எத்தனை பேரிடம் கெஞ்சியிருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பூங்கோதை மேசைமேல் இருந்த வினாத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "ஏழாம் கேள்வி."

அவர் வாசித்தார்: "நிரலைக் காட்ட மறுக்கும் மென்பொருளைப் பயனர் என்ன செய்யலாம்?"

"விடை?"

"நிறுவ மறுக்கலாம்." சொல்லும்போதே அவருக்குக் குரல் தேய்ந்தது.

"இங்கே மறுத்தால்?"

"தேர்வு திறக்காது." உடனே சேர்த்துக்கொண்டார்: "ஆனால், டீச்சர், அந்த அறிவிப்பை யார் படிக்கப்போகிறார்கள்? அறுபத்துநான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டு உள்ளே போவார்கள்."

"ஒரே ஒருவர் படித்துவிட்டால்?"

"படித்தால்…"

"படித்துவிட்டு, அழுத்தாமல் எழுந்து போய்விட்டால்?"

மாசிலாமணி திரையைப் பார்த்தார்.

பூங்கோதை மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார். "அவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?"