பிரண்டைக்கு ஒரு டிக்கெட்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மாசிலாமணி அண்ணாச்சிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பொருந்தாமல் சொல்வதில்தான் அவருக்கு ருசி.

பாளையங்கோட்டையில் செடி வளர்க்கிற நாங்கள் சிலர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கா வேப்பமரத்தடியில் கூடுவோம். வீட்டில் பெருத்துப்போன செடிகளைப் பிரித்து, ஆளுக்கொரு கிழங்கு, ஆளுக்கொரு கன்று என்று மாற்றிக்கொள்வோம். நர்சரிக்காரனிடம் போய்க் காசை அழ வேண்டியதில்லை. விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு செடி வைத்தால் ஒரு செடி எடுக்கலாம். அதைப் போட்டவர் ஜெசிந்தா டீச்சர். கணக்கு டீச்சர் போட்ட விதி, ஓட்டை தேடினால் நமக்குத்தான் நேரம் வீண்.

அன்றைக்கு டீச்சர் வரி இலைக் கல்வாழையைப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார். பச்சையில் மஞ்சள் கோடு ஓடுகிற இலை. ஒரு கிழங்கு வைத்தால் ஒரே வருஷத்தில் வேலியையே மறைத்துவிடும். கே.டி.சி. நகர் தாண்டிப் புதுவீடு கட்டிக் குடிபோயிருக்கும் மாசிலாமணி அண்ணாச்சி வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அது இல்லாமல் போனால் வீட்டில் சோறு கிடைக்காது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. பைக்குள் ஒன்றும் இல்லை.

“டீச்சர், அந்தக் கெழங்குல ஒண்ணு...”

“நீங்க கொண்டுவந்த செடி எங்க அண்ணாச்சி?”

அங்கேதான் ஆரம்பித்தது.

“என்கிட்ட செடி இல்லன்னு யாரு சொன்னா? பத்து பைசா செலவில்லாமத் தோட்டத்தையே ரொப்பிட்டேன் டீச்சர். காய்கறிக்காரன் கொசுறாக் குடுத்த புதினா. எலைய ஆய்ஞ்சு துவையலுக்குக் குடுத்துட்டு, காம்பத் தரையில சும்மாக் குத்துனேன். கையக் கழுவிட்டுத் திரும்புதேன், நடைவாசல் வரைக்கும் வந்துட்டு. எங்க வீட்டம்மா அரைச்ச துவையல் மிக்ஸிக்குள்ளயே துளிர் விட்டுட்டு, பாத்துக்கிடுங்க. மூடியத் தொறந்தாத் தழை!”

பீர்முகம்மது பாய் தையல்காரர். எதையும் டேப் வைத்து அளக்காமல் நம்ப மாட்டார். “அப்பம் அதுல ஒரு கொத்து பறிச்சுட்டு வந்திருக்கலாம்லா?”

“போயும் போயும் ஒங்களுக்குப் புதினாவா குடுப்பேன் பாய்? கத்தாழை கொண்டு வரணும்னுதான் இருந்தேன். தாய்க் கத்தாழைய நோண்டி, சுத்தியிருந்த குட்டியளப் பிரிச்சு வரிசையா வச்சேன். வச்ச குட்டியெல்லாம் மதியம் குட்டி போட்டுட்டு. சாயங்காலம் பேரன் பேத்தி எடுத்துட்டு. யாருக்கு யாரு தாயின்னு அதுகளுக்கே தெரியாம ஒரே சொத்துத் தகராறு. வீடு வீடாப் போயிக் குடுத்தேன். கடைசில என் தலையக் கண்டாலே தெருவுல கதவச் சாத்த ஆரம்பிச்சுட்டானுவ.”

இது மட்டும் எங்களுக்கு நம்பும்படியாக இருந்தது. கற்றாழை வளர்த்த எல்லோரையும் கண்டு யாராவது கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

“பக்கத்து வீட்டு இசக்கிமுத்து மட்டும் ஒண்ணும் வாங்கிக்கிடல,” என்று அண்ணாச்சி இன்னும் வசதியாக நின்றுகொண்டார். “குடுத்த செடி நொண்டும், களவாண்ட செடிதான் ஓடும்னு நம்புதவன் அவன். நான் சாப்பிட உக்காந்த நேரம் பாத்து, என் மருள் கெழங்கு, பாம்புத்தோலு மாதிரி எலை விடுமே, அதுல ஒண்ணக் களவாண்டு சொவரோரமா வச்சான். களவாண்டதுல்லா, என்னா வேகங்கிய! வேரு காம்பவுண்டுச் சொவர நெம்பி, அவன் அடுக்களை வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டு. இப்பம் அவன் வீட்டு அடுப்பு என் எடத்துல கெடக்கு. அவன் பொஞ்சாதி மீன் கொழம்பு வச்சா நாங்க தட்ட எடுத்துட்டுப் போனாப் போதும்.”

“சர்வேயரைக் கூப்பிடலையா?” என்றேன்.

“வந்தாரே! சங்கிலியப் போட்டு அளந்தாரு. அளக்க அளக்க வளருது. சங்கிலி பத்தலன்னு வாங்கப் போன மனுசன், இன்னும் வரல.”

டீச்சர் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, செடி எங்க?”

“அதுக்குத்தான் வாரேன் டீச்சர். ஒங்களுக்குன்னே ஒரு முழம் பிரண்டை வெட்டி, இதே பையில போட்டுத்தான் பஸ் ஏறுனேன். ஊரு பிரண்டைக்கு ஒரு கணு மண்ணுல பட்டாப் போதும். எங்க வீட்டுப் பிரண்டைக்கு மண்ணே வேண்டாம். அடுத்த ஸ்டாப்புல பைக்கு வெளிய தலைய நீட்டுச்சு. அதுக்கு அடுத்த ஸ்டாப்புல சன்னலோரத்து சீட்டப் புடிச்சு உக்காந்துட்டு. கண்டக்டர் வந்து, சீட்டுல உக்காந்தா டிக்கெட் எடுக்கணும்ங்காரு. என்ன செய்ய? பிரண்டைக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.”

“அரை டிக்கெட்டா?” என்றார் பாய்.

“கேட்டுப் பாத்தேன் பாய். அரை டிக்கெட்டு ஒயரத்தத் தாண்டிட்டுன்னுட்டாரு. அடுத்த ஸ்டாப்பு வாரதுக்குள்ள பஸ்ஸு பூராப் பிரண்டை. டிரைவர் கியர்னு நெனச்சுத் தண்டப் புடிக்காரு, ரெண்டாவது கியர் ஒடிஞ்சு கையோட வருது. பாலத்துல போகையில கொடி வெளிய பாய்ஞ்சு கைப்பிடிச் சொவரச் சுத்திக்கிட்டு. பஸ்ஸு நின்னு போச்சு. ஒருத்தனுக்கும் என்ன செய்யன்னு தெரியல. நான்தான் எந்திரிச்சேன். ‘யாரும் பயப்படாதீங்க, ஆளுக்கு ஒரு முழம் ஒடிங்க, இன்னைக்கு எல்லார் வீட்டுலயும் பிரண்டைத் துவையல்’னேன். அம்புட்டுத்தான், பஸ்ஸு சுத்தமாயிட்டு.”

“பிரண்டைய ஒடிச்சாக் கை அரிக்குமேவே. ஒருத்தன்கூடச் சொறியலியா?” என்றார் பாய்.

“சொறியாம? பஸ்ஸு பூரா நின்னு சொறிஞ்ச குலுக்கல்லதான் வண்டி திரும்ப ஸ்டார்ட்டே ஆச்சு. எறங்கிப் பாக்கேன், டீச்சருக்குன்னு வச்சிருந்த துண்டையும் எவனோ ஒடிச்சுட்டுப் போயிட்டான். ஊருக்கு ஒழைச்சவன் கதி, வெறும் பையோட நிக்கேன்.”

டீச்சர் குனிந்து ஒரு கல்வாழைக் கிழங்கைக் கையில் எடுத்தார். அண்ணாச்சி சட்டென்று பையை விரித்தார்.

“புதினா நடைவாசல் வரைக்கும். கத்தாழை தெரு பூரா. மருள் பக்கத்து வீட்டு அடுக்களை வரைக்கும். அப்படித்தான அண்ணாச்சி?”

“அப்படியேதான் டீச்சர். கால் வைக்க எடமில்ல.”

“அப்பம் இதை எங்க வைப்பீங்க?” டீச்சர் கிழங்கை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.

அண்ணாச்சி பையை விரித்தபடியே நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னதெல்லாம் புளுகு, ஆனால் அந்தக் கல்வாழையை அவர் பார்த்த பார்வையில் புளுகு இல்லை.

அப்போது பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. பழைய போன். அவர் காதில் வைத்தால் பூங்காவுக்கே கேட்கும்.

“என்னங்க, கெழங்கு கெடைச்சுதா இல்லியா? குடிவந்த நாள்ல இருந்து முத்தத்துல ஒரு புல்லு கெடையாது. ஆடுகூட எட்டிப் பாத்துட்டுப் பரிதாபப்பட்டுப் போவுது. நாளைக்கு எங்க அண்ணன் வீட்டுல வாராங்க. வெறுங்கையோட வந்தீயள்னா ஒங்களையே நட்டு வச்சிருவேன்!”

அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டார். “ராங் நம்பர்.”

“ராங் நம்பரு உம்மைய நட்டு வைக்கணும்னு நிக்கே,” என்றார் பாய்.

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “விதி விதிதான் அண்ணாச்சி. செடி வைக்காம நான் குடுக்க மாட்டேன். ஆனா களவாண்ட செடிதான் ஓடும்னு யாரோ சொன்னாங்க. நாங்க எல்லாரும் இப்பம் இந்த மரத்துல காக்காக் கூடு இருக்கான்னு பாக்கப் போறோம்.”

எல்லோரும் அண்ணாந்தோம். பாய்கூட முனகிக்கொண்டே அண்ணாந்தார். கூடு எதுவும் இல்லை. கழுத்து வலித்ததும் குனிந்தோம்.

கல்வாழைக் கிழங்கைக் காணோம். அது நியாயம். பாய் கொண்டுவந்த சம்பங்கிக் கிழங்கையும் காணோம். நான் மெனக்கெட்டுப் பிரித்து வைத்திருந்த மழை லில்லியையும் காணோம். கட்டைப்பை புடைக்க அண்ணாச்சி பூங்கா கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“ஏ அண்ணாச்சி! எஞ் சம்பங்கி எங்கவே?” என்று பாய் கத்தினார்.

அவர் நடையைக் குறைக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

“என்னையக் கேட்டா எப்படிப் பாய்? கல்வாழை கெளம்புனதும் அதுகளும் எந்திரிச்சுக் கூடவே நடந்து வருது. நானே மூணு டிக்கெட்டுக்கு எங்க போவன்னு தெரியாம நிக்கேன்!”