இழுத்த பிறகு

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மலைக்காட்டின் அடிவாரத்தில், தவமலருக்கு ஒரு தகரக் கொட்டகையும் அம்பு பழகும் மைதானமும் இருந்தன. வில்லைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். பேச்சில் படு சிக்கனம். கையில் அப்படியொரு நிதானம். அவர் திருகாணி திருகுவதைப் பார்த்தால் வில்லுக்கு வலிக்காது என்று தோன்றும்.

குகதாசன் அவரிடம் பழகுகிறவன். நாற்பதைத் தாண்டிய பல் வைத்தியன். ஒரு செருப்பு வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, கடைக்காரனை அழ வைத்துத்தான் வாங்குவான். அன்று, இரு முனையிலும் சக்கரம் வைத்த புதுக் கொம்பவுண்ட் வில்லோடு வந்து, உள்ளங்கையை விரித்தான்.

"அக்கா, இந்த ரெண்டில எதைப் பூட்டினால் அம்பு பிழைக்காது?"

கையில் இரண்டு தாங்கிகள் இருந்தன. விடும்வரை அம்பு உட்கார்ந்திருக்கிற சின்னச் சாமான் அது. ஒன்று, அம்பு புறப்பட்டதும் மடிந்து விழுந்து வழிவிடும். அம்பில் எதுவும் உரசாது. மற்றது தூரிகை மயிர் வைத்த வளையம்; வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் அம்பு கீழே விழாது, ஆனால் வேகம் கொஞ்சம் குறையும். தவமலரின் வில்லில் இருந்ததும் மயிர் தேய்ந்த ஒரு வளையம்தான். இவ்வளவு பெரிய கைக்கு இவ்வளவு சாதாரணத் தாங்கியா என்று குகதாசனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

"ஏன் கேக்கிறீர்?"

"போன குளிருக்கு ஒரு மரைக்கு விட்டனான்." ஊரில் மரை என்று சொல்லும் அந்தப் பெரிய மான், யாரோ கொண்டுவந்து விட்டு, அந்தக் காடுகளில் பெருகிக் கிடந்தது. "நெஞ்சுக்குத்தான் குறி வைச்சனான். கடைசி நேரத்தில திரும்பிட்டுது. வயித்தில பட்டுப்போச்சு. பொழுதுபடும் வரைக்கும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால போனன். பிறகு மழை வந்திட்டுது."

"திரும்பினதைக் கண்டீரோ?"

"கண்டனான். இழுத்தாச்சு. பிறகு விடாமல் என்ன செய்யிறது?"

தவமலர் அவன் வில்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்குப் போற வேட்டையிலயும் ஒரு சீவனைக் காயப்படுத்தினனெண்டால், இனி வில்லைத் தொடமாட்டன் அக்கா."

"உமக்கு எது விருப்பம்?"

"விழுகிறது."

"பூட்டும்."

அவர் ஒரு சட்டத்தில் தாளை இழுத்துக் கட்டினார். வாலை ஆட்டிக்கொண்டு போகிற அம்பு தாளைக் கிழித்துக் காட்டிக்கொடுத்துவிடும். குகதாசன் விட்ட அம்பு இடப்பக்கமாகக் கிழித்தது. தவமலர் தாங்கியை மயிரிழை நகர்த்தினார். கிழிசல் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். மறு அம்பு தாளில் வட்டமாய் ஒரே ஓட்டையைப் போட்டுவிட்டுப் போனது.

குகதாசன் தாளைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துப் பூரித்துப் போனான். "உங்கட கைக்கு மோதிரம் போடவேணும் அக்கா! இனிப் பிழைக்காதுதானே?"

"இழும்."

நாணைக் கவ்வியிருக்கும் கைவிசையால் கன்னம்வரை இழுத்து, விசைமேல் விரலை வைத்து நின்றான். "விடவோ?"

"வேண்டாம். விரலை விசையில இருந்து எடும். அப்பிடியே இறக்கும்."

குகதாசன் திகைத்தான். அவன் போகும் கிளப்பில் அப்படி ஒரு பழக்கமே இல்லை. இழுத்த அம்பை விடாமல் இறக்கினால், கை நடுங்குதோ என்று கேட்டுச் சிரிப்பார்கள். சக்கர வில்லோ முழுதாய் இழுத்தபின் சாதுவாக நிற்கும். இறக்கத் தொடங்கினால் வெடுக்கென்று பிடுங்கும். பிடுங்கியது. அவன் முன்னால் தள்ளாடினான். நாண் முன்னால் போனதும், எய்தபோது விழுவதுபோலவே தாங்கி மடிந்து விழ, அம்பு வில்லின் உலோகத்தில் 'டக்' என்று அடித்துக் கீழே சரிந்தது.

"திருப்பி."

பொழுதுசாயும்வரை இழுப்பதும் இறக்குவதுமாகவே போனது. ஒரு அம்பைக்கூட அவர் விடச் சொல்லவில்லை. தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. கடைசியில் தள்ளாட்டம் நின்றது, 'டக்' மட்டும் நிற்கவில்லை.

"தாங்கியை மாத்தட்டோ அக்கா?"

"உம்மட விருப்பம்."

தாளில் விழுந்த அந்த வட்டமான ஓட்டை அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. மாற்ற மனம் வரவில்லை.

மறுநாள் விடியலில் இருவரும் பள்ளத்தாக்கில் பதுங்கியிருந்தார்கள். பன்னச் செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு கிடாய் மரை வெளியே வந்தது. தவமலர் இழுத்தார். விழுந்து கிடந்த மரமொன்று அதன் நெஞ்சை மறைத்தது. அவர் காத்திருந்தார். கை அசையவில்லை. மரை அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பியது.

தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல அவர் வில்லை இறக்கினார். அம்பு வளையத்திலேயே இருந்தது. மரை தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. அவர் எய்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறான் குகதாசன். எய்யாமல் விட்ட இதைப்போல் அழகான ஒன்றை அவர் கையில் அவன் பார்த்ததில்லை.

மரை மேய்ந்தபடி அவன் பக்கமாக வந்தது. நெஞ்சு நன்றாகத் தெரிந்தது. அவன் இழுத்தான். விரல் விசையில் பட்ட அதே கணம் அது உடம்பைத் திருப்பியது. இப்போது வயிறுதான் தெரிந்தது. போன குளிரில் நின்ற அதே இடத்தில் நிற்பதுபோல் இருந்தது அவனுக்கு. இறக்கினால் சத்தம் வரும், மரை போய்விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

விரலை எடுத்தான். இறக்கினான்.

'டக்.'

மரை ஒரு கனைப்புக் கனைத்தது. புதர் முறிய, ஒரே பாய்ச்சலில் மேட்டேறி மறைந்துவிட்டது.

குகதாசன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். "கெடுத்துப்போட்டன் அக்கா. உங்கட வேட்டையையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டன்."

தவமலர் தன் அம்பைக் கழற்றிக் கூட்டில் செருகினார்.

"எத்தினை காலால ஓடினது?"

அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு மேட்டைப் பார்த்தான்.

"நாலு காலாலையும்."

"அப்ப உம்மட வில் சரி வந்திட்டுது."